4 ஜிபி சுவரும் கல்யாண வீடியோவும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவர்களுக்கு 4 ஜிபி கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் போட்ட பென்டிரைவில் அதைவிடப் பெரிய ஃபைல் ஏறாது. துல்லியமாகச் சொன்னால் 4,29,49,67,295 பைட். ஃபைலின் நீளத்தை எழுத 32 பிட் மட்டும் ஒதுக்கியதால் வந்த வரம்பு அது. வீடியோ பிளேயர்களின் பாதுகாப்பு ஓட்டைகளிலும் (பொய் ஃபைல் ஒன்றின் வழியாக வேறொருவர் உங்கள் கருவிக்குள் புக வழிவிடும் பிழைகள்) இந்த எண் அடிக்கடி தலைகாட்டும். பென்டிரைவாவது 'ஃபைல் பெரிதாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நிற்கும். பிளேயருக்குள் சத்தமே இருக்காது. வண்டி மீட்டர் போல எண் ஒரு சுற்று சுற்றி மறுபடி சைபரிலிருந்து தொடங்கிவிடும்.

எம்பி4 ஃபைல் என்பது பெட்டிக்குள் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் முதல் 4 பைட்டில் நீளம், அடுத்த 4 பைட்டில் பெயர். நீளம் இருக்கவேண்டிய இடத்தில் 1 என்று போட்டிருந்தால், உண்மை நீளம் பெயருக்குப் பின்னால் 8 பைட்டில் வரும். இதையெல்லாம் எழுதுவது ஃபைலை உண்டாக்கியவர். அவர் எந்தப் பொய்யையும் எழுதலாம். சீர்ச் சாமான் பரப்பும்போது சிட்டையை மட்டும் நம்பி யாரும் பெட்டியை மூடுவதில்லை, ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பல பிளேயர்கள் சிட்டையோடு நிறுத்திக்கொண்டன.

ஆண்ட்ராய்டு ஃபோனில் வீடியோவைப் படிக்கும் நிரல் நூலகமான ஸ்டேஜ்ஃப்ரைட்டில் 2015 ஜூலையில் வெளிவந்த ஓட்டைகள் இதற்கு நல்ல பாடம். ஜிம்பேரியம் நிறுவனத்தின் ஜோஷுவா டிரேக் கண்டுபிடித்தவை, ஆண்ட்ராய்டு 2.2 முதல் இருந்தவை. அவற்றில் ஒன்று டிஎக்ஸ்3ஜி என்ற சப்டைட்டில் பெட்டியைப் படிக்கும் இடத்தில் இருந்தது. முதலில் வந்த பெட்டியின் எழுத்துகளை நினைவகத்தில் வைத்திருப்பார்கள். இன்னொரு பெட்டி வந்தால் பழைய நீளத்தையும் புதிய நீளத்தையும் கூட்டி, அந்த அளவுக்கு இடம் வாங்கி, பழையதை அதில் நகலெடுத்துவிட்டுப் புதியதைப் பின்னால் சேர்ப்பார்கள். பழையது 1,000 பைட் என்று வையுங்கள். புதிய பெட்டி தன் நீளம் 4,29,49,66,312 என்கிறது. கூட்டினால் 4,29,49,67,312. 32 பிட்டில் அது கொள்ளாது. சுற்றி வந்து மிஞ்சுவது 16. வாங்கிய இடம் 16 பைட், உடனே அதில் கொட்டுவது 1,000 பைட். வழிந்த 984 பைட்டும் பக்கத்தில் இருப்பவற்றை அழித்துக்கொண்டு போகும். அந்த 984 பைட்டில் என்ன இருக்கவேண்டும் என்பதையும் ஃபைலை எழுதியவரே முடிவு செய்கிறார். ஃபைல் உண்மையில் 4 ஜிபி இருக்கவேண்டியதில்லை. சில கேபி போதும், ஃபோனுக்கு வரும் எம்எம்எஸ் செய்தியிலேயே வந்து சேரும்.

திருத்தம் போட்டார்கள்: கூட்டும் முன் 'அதிகபட்ச எண்ணில் புதிய நீளத்தைக் கழித்தால் பழையதற்கு இடம் மிஞ்சுகிறதா' என்ற சோதனை. அதுவும் சறுக்கியது. 8 பைட் நீளம் கொண்ட பெட்டியில் புதிய நீளம் 64 பிட் எண். 32 பிட் கருவியில் அது அதிகபட்ச எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், கழித்தல் சைபருக்குக் கீழே போகாமல் சுற்றிக்கொண்டு பிரம்மாண்டமான எண்ணாகிவிடும். சோதனை 'சரி' என்றது. அதே ஆண்டு ஆகஸ்டிலேயே இதற்குத் தனிப் பதிவு எண்ணில் இன்னொரு ஓட்டை பதிவானது.

2016இல் ஆண்ட்ராய்டு 7 வேறு வழியில் போனது. எண் சுற்றினால் அந்த இடத்திலேயே நிரலை நிறுத்திவிடும் காவலைச் சேர்த்தார்கள். கேமரா, ஒலி, ஃபைல் படிப்பது எல்லாம் மீடியாசர்வர் என்ற ஒரே நிரலுக்குள் இருந்ததைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். நம் பக்கத்து வளவு வீடு மாதிரிதான்: புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒரு அறை, அறைக்கு ஒரு பூட்டு. ஓர் அறையில் திருடன் புகுந்தாலும் அடுத்த அறைக்கு இன்னொரு பூட்டு உடைக்கவேண்டும்.

கணினியில் நிலைமை இவ்வளவு ஒழுங்கில்லை. விஎல்சி என்ற வீடியோ பிளேயர் உங்கள் கணக்கின் முழு உரிமையோடு ஓடுகிறது. 2019 ஜூனில் வந்த அதன் 3.0.7 பதிப்பில், ஏவிஐ ஃபைலில் எழுதியிருந்த அளவைச் சரிபார்க்காமல் நகலெடுத்த பிழையும், எம்கேவி ஃபைலைப் படிக்கையில் ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவித்த பிழையும் சரிசெய்யப்பட்டன. 2024இல் வந்த 3.0.21 மறுபடியும் எண் சுற்றும் பிழைக்குத்தான், இந்த முறை எம்எம்எஸ் ஸ்ட்ரீமில். (இது ஃபோன் எம்எம்எஸ் அல்ல, பழைய மைக்ரோசாஃப்ட் ஸ்ட்ரீமிங் முறை.) ஆல்பம் காட்டும் கணினியில் இன்னும் விஎல்சி 2.2 ஓடுகிறதென்றால் இந்தத் திருத்தங்கள் எதுவும் அதில் இல்லை. ஷிஃப்டும் எஃப்1ம் சேர்த்து அழுத்தினால் பதிப்பு எண் தெரியும். புதியதை, விஎல்சியை உருவாக்கும் வீடியோலேனின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்திலிருந்து வேண்டாம். நிர்வாகி உரிமையோடு பிளேயரைத் திறக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

லினக்ஸில் ஒரு சூட்சுமம். 2019 ஜூலையில் விஎல்சியில் பெரிய ஓட்டை என்று செய்தி பரவியது. பிழை விஎல்சியில் இல்லை, எம்கேவி படிக்க உதவும் லிப்இபிஎம்எல் என்ற தனி நிரல் நூலகத்தின் பழைய பதிப்பில் இருந்தது. பிழையை அறிவித்தவரின் உபுண்டு 18.04 லினக்ஸில் அந்தப் பழையதே கிடந்தது. ஆகவே பிளேயரை மட்டும் புதுப்பித்தால் போதாது, மொத்த சிஸ்டத்தையும் புதுப்பிக்கவேண்டும். ஃபோல்டரைத் திறந்தாலே சின்னப் படம் காட்டும் வசதி இருக்கிறதே, அதுவும் வீடியோவைப் படித்துத்தான் காட்டுகிறது. நீங்கள் கிளிக் செய்யும்வரை அது காத்திருப்பதில்லை. வெளியிலிருந்து வரும் பென்டிரைவுக்கு ஃபைல் மேனேஜர் அமைப்பில் அதை அணைத்து வையுங்கள். வீடியோவின் பெயரிலேயே பக்கத்தில் சப்டைட்டில் ஃபைல் இருந்தால் விஎல்சி கேட்காமலே ஏற்றிக்கொள்ளும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒரு ஃபைல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிளேயரை மூடவைக்கிறது என்றால், 'இதில் ஓடலை, அந்த மெஷினில் போட்டுப் பார்' என்று கடை முழுக்கச் சுற்றவிடாதீர்கள். பெரும்பாலும் பென்டிரைவை அவசரமாகப் பிடுங்கியதால் பாதியில் நின்ற நகலாக இருக்கும். அனுப்பியவரிடம் பைட் அளவையும் ஷா256 ஹேஷையும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) கேளுங்கள். அளவோ ஹேஷோ ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி நகலெடுக்கச் சொல்லுங்கள். டிரைவை ஃபேட்32க்குப் பதில் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் 4 ஜிபி தகராறும் தீரும். இரண்டும் ஒத்துப்போயும் புதிய பிளேயர் மூடிக்கொள்கிறது என்றால், இணையம் இல்லாத, வாடிக்கையாளர் வேலை எதுவும் இல்லாத ஒரு கணினிக்கு அதை ஒதுக்கிவிட்டு, கேமராவின் மூல கார்டிலிருந்து புதிதாக எடுத்துத் தரச் சொல்லுங்கள்.