நடுப்புள்ளிக்கு மேலே ஒரு டாலர்

2024இல் பேஸ்பால் வீரர் விளாடிமிர் குரேரோ ஜூனியர் அந்த ஆண்டுச் சம்பளமாக 1.99 கோடி டாலர் கேட்டார். அவருடைய அணியான டொரொன்டோ புளூ ஜேஸின் நிர்வாகம் 1.805 கோடிதான் என்றது. சம்பளத் தகராறைத் தீர்க்கும் மூன்று நடுவர்கள் முன் விசாரணை நடந்தது. இடையில் ஒரு தொகையைச் சொல்லி இருவரையும் சமாதானப்படுத்த நடுவர்களுக்கு அதிகாரமில்லை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே அந்த அறையில் இருந்தது ஒரே கேள்விதான்: இவர் மதிப்பு நடுப்புள்ளியான 1.8975 கோடியை விட ஒரு டாலராவது கூடுதலா, குறைவா? கூடுதல் என்று தீர்ப்பானது. கேட்டது முழுதாகக் கிடைத்தது.

இப்படிப்பட்ட சம்பள விசாரணையில் பாதி உழைப்பு, ஜனவரியில் எந்த எண்ணை எழுதிக் கொடுப்பது என்பதிலேயே போய்விடும். வீரரின் நியாயமான மதிப்பு 42 லட்சம், அணி கொடுக்கும் எண் 40 லட்சம் என்று வையுங்கள். ஏஜென்ட் ஆசைப்பட்டு 50 கேட்டால் நடுப்புள்ளி 45க்கு ஏறிவிடும். வாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தோல்விதான். 43 கேட்டால் நடுப்புள்ளி 41.5, வெல்ல இடமிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், எதிராளியின் எண்ணை ஊகித்துத்தான் இதையெல்லாம் கணக்கிட வேண்டும். பிடிவாதமாக அதிகம் கேட்டவர் தன் எதிரிக்கே வாதாடிக் கொடுக்கிறார்.

எல்லோருக்கும் இந்த விசாரணை உரிமை கிடையாது. பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் மூன்று ஆண்டு பணிக்காலம் முடிந்து, ஆறு ஆண்டு நிறையாதவர்களுக்கே. ஓராண்டு என்பது 172 நாள். 2015இல் சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட் அந்தப் பருவத்தை 171 நாளுடன் முடித்தார். ஒரு நாள் குறைந்ததால், அணி மாறும் சுதந்திரம் ஓராண்டு தள்ளிப்போனது. அவருடைய புகார் 2020இல் தள்ளுபடியானது. ஆனால் இரண்டிலிருந்து மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களில், பணிக்காலத்தில் முன்னணியில் உள்ள 22 சதவீதம் பேருக்கு முன்கூட்டியே வாசல் திறக்கும். ‘சூப்பர் டூ’ என்பார்கள். பிரையன்ட் அந்த வழியாகத்தான் 2018க்கு 1.085 கோடி டாலர் பேசி வாங்கினார்.

விசாரணையில் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு மணி நேரம், பிறகு மறுப்புரைக்கு அரை மணி நேரம். கடந்த பருவத்தின் ஆட்டம், தொடர்ச்சி, முந்தைய சம்பளம், காயங்கள், அணி பிடித்த இடம், பார்வையாளர் கூட்டம் ஆகியவற்றைப் பேசலாம். அணியின் பணவசதி, பத்திரிகைப் புகழ்ச்சி, பேச்சுவார்த்தையில் முன்பு வாய்விட்ட தொகை ஆகியவற்றைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அதே பணிக்காலத்தில் இருந்த ஒப்பான வீரர்கள் வாங்கிய சம்பளம். நடுவர்கள் தொழிலாளர் சட்டம் படித்தவர்கள். நுணுக்கமான புது அளவீடுகளை விட ஹோம் ரன், பந்துவீச்சாளரின் வெற்றி, சேவ் (அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைத்த எண்ணிக்கை) போன்ற பழைய எண்கள் அவர்களிடம் எளிதில் எடுபடும். ஒப்பீட்டு வீரர்களும் அந்த எண்களுக்குத்தான் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள் அல்லவா?

2017இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் டெலின் பெடான்சஸ் 50 லட்சம் கேட்டுத் தோற்றது இதில்தான். அவர் அபாரமான ரிலீவர், அதாவது ஆட்டத்தின் இடையில் இறங்கும் மாற்றுப் பந்துவீச்சாளர், ஆனால் கையில் இருந்த சேவ் 22 மட்டுமே. ஆட்டத்தை முடித்துவைக்கும் குளோசரின் சம்பளத்துக்கு அந்த எண் போதவில்லை. அணி சொன்ன 30 லட்சம் நிலைத்தது. அத்துடன் விட்டிருக்கலாம். வென்ற பிறகும் அணி நிர்வாகத்தின் தலைவர் பத்திரிகையாளர்களிடம் அவருடைய கோரிக்கையை விமர்சித்தார், வீரர் மனம் கசந்தது.

சொந்த முதலாளி தன் குறைகளை எண் போட்டு அடுக்குவதை வீரர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும், சில நாளில் அதே சீருடையில் பயிற்சிக்கு வர வேண்டும். 2023இல் மில்வாக்கி அணியின் கார்பின் பர்ன்ஸ் தோற்றபோது இடைவெளி 7.4 லட்சம் டாலர். முந்தைய ஆண்டு அணி பிளேஆஃப் போகாத பழியைத் தன் தலையில் போட்டதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டே பால்டிமோருக்கு மாற்றப்பட்டார்.

வென்றவருக்கும் ஒரு பொறி உண்டு. பேசி முடித்த ஒப்பந்தத்துக்கு இப்போது முழு உத்தரவாதம். நடுவர் தீர்ப்பில் வந்த சம்பளத்துக்கு அது இல்லை. 2024இல் ஜே.டி. டேவிஸ் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸிடம் 69 லட்சம் கேட்டு வென்றார். அணி சொன்னது 65.5 லட்சம். மார்ச்சில், டேவிஸ் ஆடிய அதே மூன்றாம் பேஸ் இடத்துக்கு மேட் சாப்மன் வந்து சேர்ந்தார். டேவிஸை விடுவித்த அணி 30 நாள் சம்பளமான சுமார் 11 லட்சத்தோடு கணக்கை முடித்தது. அவர் 25 லட்சம் டாலருக்கு ஓக்லண்ட் போனார்.