பொதுக்கொள்கை மாணவர்களுக்கு ஏன் கொடுக்கிறேன்

மருத்துவமனைக்கோ அனாதை இல்லத்துக்கோ நன்கொடை கொடுத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. பொதுக்கொள்கை, அதாவது அரசின் திட்டங்களும் சட்டங்களும் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்கிற பாடம், படிக்கிற மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆய்வுக்குமான நிதிக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னால் மட்டும், "அதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், அதனால் பதிலைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு திட்டம் உண்மையிலேயே பலன் தருகிறதா என்று தெரிய வேண்டிய அவசியம் யாருக்கு அதிகம்? அதை நம்பி வாழ்கிறவர்களுக்கு. ஆனால் ஆய்வுக்குப் பணம் போட முடியாதவர்களும் அவர்கள்தான். பணம் போடக்கூடியவர்கள், அதாவது திட்டத்தை நடத்துகிற துறை, அதற்குப் பொருள் விற்கிற நிறுவனம், அதை எதிர்க்கிற தொழில் அமைப்பு, எல்லோருக்கும் முடிவு எப்படி வர வேண்டும் என்று ஒரு விருப்பம் இருக்கும். அவர்கள் பணத்தில் நடக்கிற ஆய்வெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள் என்கிறேன். முடிவில் எந்த லாபமும் இல்லாத யாராவது பணம் கொடுத்தால்தான் மற்ற கேள்விகளுக்கு இடம் கிடைக்கும்.

நல்ல ஆய்வு என்ன செய்யும் என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது மெக்சிகோ. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சுகாதார நிலையத்துக்கும் ஒழுங்காகப் போய்வரும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரும் புரோகிரெசா திட்டத்தை 1997இல் அங்கே தொடங்கினார்கள். ஆய்வுக்கென்று எடுத்த 506 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 320இல் முதலிலும் மீதி 186இல் பிறகும் கொடுத்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது பள்ளியில் சேர்கிற பிள்ளைகள், குறிப்பாக மேல் வகுப்புகளுக்குப் போகிற பெண்பிள்ளைகள், கூடியிருப்பது தெரிந்தது. 2000இல் ஆட்சி மாறியும் திட்டம் சாகவில்லை. பெயர் மாறியது, நகரங்களுக்கும் விரிந்தது. கையில் ஆதாரம் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தத் தரவு வெளியாருக்கும் திறந்துவிடப்பட்டதால் எத்தனையோ ஆய்வு மாணவர்கள் அதை வைத்தே தொழில் கற்றுக்கொண்டார்கள்.

சரி, மாணவர்களுக்கு வருவோம், என் பணம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. பொதுக்கொள்கை முதுகலைப் படிப்பு பல இடங்களில் இரண்டு வருடம். நடுவில் வரும் விடுமுறையில் எங்கே வேலை பழகுகிறார்களோ, முதல் வேலையும் அந்தப் பக்கமே அமைந்துவிடுவது சகஜம். ஆலோசனை நிறுவனத்தில் போய் உட்கார்ந்தால் நல்ல சம்பளம். ஒரு சிறிய நகராட்சியிலோ, தொழிலாளர் உரிமைக்காக வேலை செய்கிற அமைப்பிலோ இன்டர்ன்ஷிப் என்றால் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது, வாடகையைக்கூட கையிலிருந்து போட வேண்டும். படிப்புக் கடன் வாங்கி வந்தவருக்கு எது சாத்தியம் என்று சொல்லத் தேவையில்லை. இப்படியே பல வருடம் போனால், வறுமையைப் பற்றி முடிவெடுக்கிற அறையில் வறுமையைப் பார்த்தே இராதவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சில மாதச் செலவைக் கொடுக்கிற நிதி இருந்தால் ஒருவருடைய பாதையே மாறும்.

கள ஆய்வும் அப்படித்தான். போக்குவரத்து, கணக்கெடுப்பவர்களுக்குக் கூலி, கேள்வித்தாளை அந்த மக்கள் பேசுகிற மொழியில் மாற்றுவது, சிலரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்துவது என்று எல்லாமே சின்னச் சின்னச் செலவுகள். இவ்வளவு சிறிய தொகைக்காகப் பெரிய நிதி அமைப்புகளிடம் போனால் விண்ணப்பம் எழுதுவதிலேயே படிப்பு முடிந்துவிடும்.

எப்படிக் கொடுப்பது என்பதற்கு இரண்டு பழைய கதைகளைச் சொல்ல வேண்டும். 1894இல் இறந்த ஹென்றி ஹண்ட் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், சோசலிசத்தைப் படிப்படியாகக் கொண்டுவர நினைத்த ஃபேபியன் சங்கத்தின் நோக்கங்களுக்காகச் சுமார் 20,000 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். எப்படிச் செலவழிப்பது என்பதை அறங்காவலர்களிடமே விட்டிருந்தார். அது பிரசாரத்திலேயே கரைந்திருக்கலாம். அந்த அறங்காவலர்களில் ஒருவரான சிட்னி வெப் அதில் ஒரு பங்கை வைத்து 1895இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியைத் தொடங்கினார். பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புக்கு வழிகாட்டிய 1942 அறிக்கையை எழுதிய பெவரிட்ஜ், அதற்கு முன்பு 1919 முதல் 1937 வரை அந்தப் பள்ளியின் இயக்குநராக இருந்தவர்.

இன்னொரு கதை 1961இல். மாணவர்களை அரசுப் பணிக்குத் தயார்செய்ய வேண்டும் என்று ராபர்ட்சன் தம்பதி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 3.5 கோடி டாலர் கொடுத்தார்கள். பணம் வேறு வழிகளில் போகிறது என்று 2002இல் குடும்பம் வழக்குப் போட்டது. 2008இல் சமரசம் ஆனபோது வழக்குச் செலவுக்கு 4 கோடி, புதிய அறக்கட்டளை ஒன்றுக்கு 5 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். அந்தக் குடும்பத்தின் கோபம் எனக்குப் புரிகிறது, நோக்கம் முக்கியம்தான். ஆனால் வக்கீல்களுக்குப் போன அந்த 4 கோடியில் எத்தனை பேர் படித்திருக்கலாம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால் நான் நோக்கத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, யாருக்கு, எந்தத் தலைப்புக்கு என்பதில் தலையிடுவதில்லை. நன்கொடையாளர் தலைப்பைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் அவரும், முடிவு எப்படி வர வேண்டும் என்று விருப்பம் வைத்திருக்கிறவர்களின் வரிசையில் போய் நின்றுவிடுவார்.

அப்புறம், போட்ட மூலதனத்தைத் தொடாமல், அதிலிருந்து வருகிற வருமானத்தில் மட்டும் செலவு செய்கிற நிதிகள் உண்டு. வழக்கமாக வருடத்துக்கு 4 அல்லது 5 சதவீதம்தான் வெளியே வரும். நூறு போட்டால் இந்த வருட மாணவருக்கு நான்கோ ஐந்தோ. பெரிய தொகை வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல வழி. என்னைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறவர்கள், அந்த வருடமே செலவாகிற நிதியில் போடுவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

கொடுப்பதற்கு முன்னால் மாணவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேளுங்கள், ஆய்வு முடிவு யாருக்குப் பிடிக்காவிட்டாலும் வெளியாகுமா என்றும் கேளுங்கள். முடிந்தால் மாதாமாதம் கொடுங்கள். அடுத்த வருடம் எவ்வளவு வரும் என்று ஓரளவு தெரிந்தால்தான், நிதியை நடத்துகிறவர்கள் ஒரு மாணவரைக் கூப்பிட்டு "நீ தைரியமாகச் சேரு" என்று முன்கூட்டியே சொல்ல முடியும்.