பிபிஎச் டிரேப்பை அரசுக் கொள்முதலில் சேர்க்கப் பட்ட பாடு

பிரசவம் ஆனவுடன் தாயின் இடுப்புக்கடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் நுனியில் மி.லி. கோடு போட்ட ஒரு பை. பிரசவத்துக்குப் பிந்தைய அதிக இரத்தப்போக்கை (பிபிஎச்) அளந்து கண்டுபிடிக்கும் டிரேப் இதுதான். சாதாரணப் பொருள்தான். இதை மாநில அரசின் கொள்முதலுக்குள் கொண்டுவர மருத்துவக் கல்லூரியிலிருந்து நாங்கள் அனுப்பிய கருத்துருவுக்கு ஒருவழியாக ஆணை வந்துவிட்டது, கேட்டதில் பாதிக்கு. வேறு ஆய்வு முடிவுகளைத் தூக்கிக்கொண்டு இதே வாசல்களில் நிற்கப் போகிறவர்களுக்காக, எங்கெங்கே சிக்கியது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஆதாரத்தில் சிக்கல் இல்லை. இ-மோட்டிவ் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகள், 2,10,000-க்கு மேற்பட்ட பெண்கள். கடும் இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது, அதனால் மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணியதில் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 4.3%, டிரேப்பும் சிகிச்சைத் தொகுப்பும் சேர்ந்த பிரிவில் 1.6%. அதே ஆண்டு இறுதியில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துவிட்டது. இவ்வளவையும் ஒரே ஸ்லைடில் சொல்லிவிடலாம். சொன்னோம், தலையாட்டினார்கள். பிறகு கேட்ட கேள்விகளுக்கு எந்த ஆய்வுக் கட்டுரையிலும் பதில் இல்லை.

முதல் கேள்வி மட்டும் எதிர்பார்த்ததுதான்: "ஆப்பிரிக்காவில் பண்ணியதுதானே, நம்ம ஊர் டேட்டா இருக்கா?" இந்த இடத்தில் பலர் "அப்படியானால் ஒரு பைலட் (சிறிய சோதனை முயற்சி) செய்து காட்டுகிறோம்" என்று வாயைக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் ஒன்று, துறை இயக்குநரின் அனுமதி வேறொன்று. முதலாவது கையில் இருந்தாலும் இரண்டாவது இல்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவப் பதிவேட்டைத் தொடக்கூட முடியாது. இரண்டும் வருவதற்குள் நிதியாண்டு போய்விடும், பைலட் கேட்ட அதிகாரியும் மாறியிருப்பார். இங்கே ஏற்கெனவே என்ன நடந்திருக்கிறது என்று தேடுங்கள். கர்நாடகத்தின் பெலகாவி கிராமங்களில் ஏஎன்எம்களை (கிராமத்துச் சுகாதாரச் செவிலியர்களை) வைத்து நடந்த, இரத்தப்போக்கைத் தடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை ஆய்வு 2006-ல் லான்செட்டில் வந்தது. மாத்திரை கொடுத்ததில் பிபிஎச் 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்தது என்று அவர்கள் சொல்ல முடிந்ததே, இதே மாதிரி டிரேப்பில் இரத்தத்தை அளந்ததால்தான். கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு டிரேப் காட்டுவதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதையும் அதே குழு அப்போதே எழுதிவிட்டது. பக்கத்து மாநிலத்தில் கிராமத்து ஏஎன்எம் கையில் இருந்த பொருள் இது என்று சொன்னவுடன் அந்தக் கேள்வி அடங்கியது. (இத்தனை வருடமாக ஏன் யாரும் வாங்கவில்லை என்று எங்களுக்குத்தான் எரிச்சல்.)

அடுத்தது நிதிப் பிரிவு. "இரத்தப்போக்கு நூற்றில் சிலருக்குத்தானே வருகிறது, எல்லாருக்கும் எதற்கு? வந்தவர்களுக்கு மட்டும் போட்டால் போதாதா?" கேட்டவர் மருத்துவர் அல்ல, கேள்வியில் தப்பும் இல்லை. யாருக்கு வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் டிரேப். இ-மோட்டிவ் ஆய்வில் வழக்கமான முறையில் பிபிஎச் வந்தவர்களில் 51 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தார்கள், டிரேப் போட்ட பிரிவில் 93 சதவீதம். இந்த இரண்டு எண்ணும் எங்கள் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் இருந்தன. அதை யாரும் புரட்டவில்லை. முதல் பக்கத்தின் இரண்டாவது வரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. கொள்கைக் குறிப்பு என்றால் ஒரு தாள், இரண்டு பக்கம். முதல் வரியில் என்ன வேண்டும், எவ்வளவு ரூபாய். பின்னணி, நோக்கம், ஆய்வு முறை எல்லாம் இணைப்புக்குப் போகட்டும்.

எண்ணிக்கைக் கணக்கிலும் கவனம். அரசு மருத்துவமனைகளின் மொத்தப் பிரசவ எண்ணை அப்படியே போட்டால் சிசேரியனும் உள்ளே வந்துவிடும், தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும், நிதிப் பிரிவு அதையே காரணம் காட்டித் திருப்பும். உதாரணத்துக்கு ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு 12,000 பிரசவம், அதில் 45% சிசேரியன் என்றால் சுகப்பிரசவம் 6,600. கிழிவது, தவறி விழுவதற்கு 10% கூட்டினால் 7,260. விலைப்புள்ளி மூன்று வாங்கி, ஜிஎஸ்டியும் கிடங்கு வரை வண்டி வாடகையும் சேர்த்த விலையையே எழுதுங்கள். தனியாக எழுதினால் அதற்கு ஒரு முறை திரும்பி வரும்.

எங்களுடையது திரும்பி வந்தது வேறு காரணத்துக்கு. "தெளிவுரை கோரித் திருப்பி அனுப்பப்படுகிறது." என்ன தெளிவுரை? பயன்படுத்திய விரிப்பு மஞ்சள் பையா, சிவப்புப் பையா? 2016 மருத்துவக் கழிவு விதிகளில் இரத்தம் பட்ட துணி, பஞ்சு மஞ்சளுக்குப் போகும். டியூப், யூரின் பேக் மாதிரி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் சிவப்புக்குப் போகும். டிரேப் இரத்தம் பட்டதும்தான், பிளாஸ்டிக்கும்தான். கழிவை எடுத்துப் போகும் நிறுவனத்துக்கு எடைக்கோ படுக்கைக்கோ பணம் கொடுக்கும் ஒப்பந்தம் இருக்கும்போது இது வெறும் நிறப் பிரச்சினை இல்லை. கேட்ட இருக்கைக்காரர் (அந்த ஃபைலைப் பார்க்கும் அலுவலர்) வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று நினைத்தோம், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறோம். மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் மஞ்சள் என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்கி இணைத்ததும் முடிந்தது. எந்தப் பொருளைக் கேட்டாலும் அது பயன்பட்டு முடிந்த பிறகு எங்கே போகும் என்று கருத்துருவிலேயே ஒரு பத்தி எழுதிவிடுங்கள்.

யார் கேட்பது என்பது இன்னொரு தலைவலி. மருத்துவக் கல்லூரி ஓர் இயக்ககத்தின் கீழ், வட்ட மருத்துவமனை இன்னொன்றின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றாவதன் கீழ். மூன்றும் தேவைப்பட்டியல் கொடுத்தால்தான் ஒரே டெண்டர். இரண்டு இயக்ககங்கள் கொடுத்துவிட்டன. மூன்றாவது அலுவலகத்தில் கடிதம் தபால் பிரிவில் பதிவானதற்கு எண் இருந்தது, கடிதம் இல்லை. நகலோடு நேரில் போனால் "மூலம் வரட்டும்" என்கிறார்கள். இதற்கு நாங்கள் கண்ட வழி மாநில அளவிலான மகப்பேறு மரண ஆய்வுக் கூட்டம். மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அதுதான். இரத்தப்போக்கில் இறந்த ஒரு தாயின் கேஸ் ஷீட்டில் "இரத்த இழப்பு: 300 மி.லி., தோராயமாக" என்று எழுதியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் அவர் ஷாக்கில் போயிருக்கிறார். அந்த வரியைப் படித்ததும் யாரும் மறுப்பேதும் சொல்லவில்லை. அதைவிட முக்கியம், கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் "டிரேப் கொள்முதலுக்குத் தேவைப்பட்டியல் அனுப்ப மூன்று இயக்ககங்களும் ஒப்புக்கொண்டன" என்று ஒரு வரி ஏற வைத்தோம். வாய்ப்பேச்சில் கிடைத்த சம்மதம் இடமாற்றத்தோடு போய்விடும், நடவடிக்கைக் குறிப்பு ஃபைலிலேயே இருக்கும்.

பணம் தேசிய நலவாழ்வுத் திட்டத்திலிருந்து என்றால் பிஐபி (மாநிலம் மத்திய அரசுக்கு அனுப்பும் திட்ட, நிதிக் கோரிக்கை) காலண்டர்தான் கடவுள். 2022-24, 2024-26 என்று இப்போது இரண்டாண்டுக்கு ஒரு பிஐபி. மாவட்டங்களில் கணக்குக் கேட்கும் கட்டத்திலேயே உங்கள் வரி உள்ளே இருக்க வேண்டும். டெல்லியில் கூட்டம் முடிந்து ஆர்ஓபி (எதற்கு எவ்வளவு என்ற ஒப்புதல் பதிவு) வந்த பிறகு எவ்வளவு நல்ல ஆய்வோடு போனாலும் "அடுத்த முறை பார்க்கலாம்"தான், இல்லையென்றால் துணை பிஐபிக்குக் காத்திருக்க வேண்டும். புதுத் தலைப்புக் கேட்பதைவிட, ஏற்கெனவே ஓடும் லக்ஷ்யா பிரசவ அறைத் தர மேம்பாட்டின் கீழ் நுழைப்பது எளிது. மாநில நிதி என்றால் வேறு மாதிரி: தொடர் செலவினம் என்ற சொல்லைக் கண்டாலே நிதித்துறை பேனாவை மூடிவிடும், முதல் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுகளுக்கும் தனித்தனியாகத் தொகை காட்டுங்கள்.

டெண்டர் விவரக்குறிப்பை ஒரு கம்பெனியின் பிரசுரத்தைப் பார்த்து எழுதினால் ஒரே ஒருவர்தான் வருவார், டெண்டர் ரத்தாகும். வேலை என்னவோ அதை எழுதுங்கள்: ஒளி ஊடுருவும் பை, 300 மி.லி.யிலும் 500 மி.லி.யிலும் தூரத்திலிருந்து தெரியும் கோடு, வயிற்றைச் சுற்றிக் கட்ட நாடா. மாதிரிகள் வந்ததும் அலுவலக மேசையில் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். பிரசவ மேசையில் கட்டித் தொங்கவிட்டு, அளவு ஜாடியில் சரியாக 500 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். எங்களுக்கு வந்த ஒரு மாதிரியில் பை மடிந்து நின்று 500-ஐ 400-க்குக் கீழே காட்டியது. தட்டையான கட்டிலில் பை தொங்காமல் படுத்துவிடும், அப்போது எந்தக் கம்பெனி டிரேப்பும் பொய்தான் சொல்லும். குழந்தை பிறந்த பிறகே விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பனிக்குட நீரும் கணக்கில் சேரும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு பார்க்க வேண்டும், அதுவரை தாயை வார்டுக்கு மாற்றக் கூடாது. மேசை இரண்டே இருக்கும் நிலையங்களில் இதுதான் பெரிய சண்டை.

ஆணையில் டிரேப் வந்தது, பயிற்சிக்கான தொகை வரவில்லை. இ-மோட்டிவில் பலன் கொடுத்தது தனி டிரேப் இல்லை. அளவு தாண்டியதும் கருப்பை மசாஜ், ஆக்ஸிடோசின், இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், ஐவி திரவம், பரிசோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது எல்லாம் காத்திருக்காமல் ஒன்றாகத் தொடங்குவதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அக்டோபர் வழிகாட்டுதலின்படி நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ சரியில்லையென்றால் 300 மி.லி.யிலேயே தொடங்க வேண்டும். இது தெரியாத செவிலியர் கையில் டிரேப் ஓர் அளவுப் பைதான். பயிற்சியைத் தனிக் கருத்துருவாக, தனி நிதித் தலைப்பில் மறுபடி அனுப்பியிருக்கிறோம். நீங்கள் இரண்டையும் முதலிலிருந்தே தனித்தனிப் பத்தியாக, தனித்தனித் தொகையோடு ஒரே கருத்துருவில் வையுங்கள். ஒன்றை வெட்டினாலும் எதை வெட்டினார்கள் என்பது எழுத்தில் இருக்கும், அடுத்த பிஐபியில் அந்த வரியைக் காட்டிக் கேட்கலாம்.