பிடிஎஃப் இருக்கா மாமா?

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு தங்கச்சி மகன்கிட்ட இருந்து வாட்ஸப்ல ஒரு மெசேஜ். "மாமா அந்த கண்மாய் புக் பிடிஎஃப் இருக்கா?" சாப்டீங்களா இல்ல, தூங்கிட்டீங்களா இல்ல, நேரா பிடிஎஃப். எம்ஏ ஹிஸ்டரி ரெண்டாவது வருஷம் படிக்கிறான், எங்க ஊர்ப் பக்கத்துக் கண்மாய்கள வச்சு ப்ராஜெக்ட் பண்றான். அவன் கேட்ட புத்தகம் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது, விலை 380 ரூபா, எழுதினவர் எனக்கு நல்லாத் தெரிஞ்சவர், அண்ணன்னுதான் கூப்பிடுவேன். பதினஞ்சு வருஷம் ஒரு பழைய டிவிஎஸ் 50ல கண்மாய் கண்மாயா அலைஞ்சு, மடைக்கல்லுல இருக்குற எழுத்தெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்து, இடுப்பு வலியோட எழுதின புக்கு அது.

"காசு குடுத்து வாங்குடா, 380 தான"ன்னு அனுப்பினேன். ரொம்ப நேரம் டைப்பிங் டைப்பிங்னே காட்டுச்சு. அப்புறம் வந்துச்சு: "நீங்க காலேஜ்ல எல்லாப் புக்கையும் ஜெராக்ஸ் போட்டுத்தான் படிச்சேன்னு நீங்களே சொல்லிருக்கீங்கல்ல. அது மட்டும் என்னவாம்?"

சட்டுனு பதில் வரல. லைட்ட ஆஃப் பண்ணிட்டுப் படுத்துட்டேன். ஆனா அந்தக் கேள்வி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அவன் சொன்னது உண்மைதான். எங்க காலேஜ் கேட்டுக்கு எதுத்தாப்புல ஒரு ஜெராக்ஸ் கடை, தகரக் கூரை, உள்ள ரெண்டே மெஷின், வெயில் காலத்துல உள்ள போனா அவிஞ்சு போயிருவோம். டிபார்ட்மென்ட் வாரியா மாஸ்டர் காப்பி கயித்துல கட்டி அடுக்கி வச்சிருப்பாரு கடைக்காரர், பேப்பர் பேரச் சொன்னாப் போதும், "யூனிட் மூணா நாலா, ரெண்டு பக்கமும் போட்ரவா"ன்னு கேட்டுக்கிட்டே மூடியத் தூக்கிருவாரு. ஒரு தடவ லைப்ரரியில ஒரிஜினல் புத்தகத்தோட விலையப் பாத்தேன், ரெண்டு மாச மெஸ் பில்லு. எங்க செட்டு மொத்தம் படிச்சது ஒரே ஒரு காப்பியோட காப்பியோட காப்பி. அதுல ஒவ்வொரு பக்கத்துலயும் ஓரத்துல ஒரு கட்டைவிரல் நிழல் விழுந்திருக்கும், எப்பவோ யாரோ புக்க அமுத்திப் பிடிச்சுப் போட்டது, எந்த வருஷத்து சீனியரோட விரல்னு தெரியாது. அவரு பென்சில்ல கோடு போட்ட வரியெல்லாம் எங்களுக்கும் முக்கியமான வரி ஆயிருச்சு. பரிட்சையில கூட அத்தன பேரும் அந்த வரிகளத்தான் எழுதி வச்சோம்.

இதே மாதிரி ஒரு கடை டெல்லியில கோர்ட்டு வரைக்கும் போச்சு. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள்ள, யூனிவர்சிட்டி லைசன்ஸ் குடுத்து நடந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ்ங்கிற கடை. வாத்தியார்ங்க சிலபஸ்ல இருக்குற பக்கங்கள குறிச்சுக் குடுப்பாங்க, பத்திருபது புக்குல இருந்து அந்தந்தப் பகுதிய மட்டும் எடுத்து ஒண்ணாச் சேத்து பைண்டு பண்ணிக் குடுப்பாங்க, கோர்ஸ் பேக்னு பேரு. 2012 ஆகஸ்ட்ல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ்ங்கிற மூணு பதிப்பகங்களும் சேந்து கேஸ் போட்டாங்க, கடை மேலயும் யூனிவர்சிட்டி மேலயும். கேட்ட நஷ்டஈடு 60 லட்சம்! நாலணா எட்டணா கணக்குப் பாக்குற கடைகிட்ட. அந்த வருஷமே இடைக்காலத் தடையும் வந்துருச்சு, பசங்க சங்கமாச் சேந்து நாங்களும் இந்தக் கேஸ்ல ஒரு கட்சின்னு உள்ள போனாங்க, 300 பேருக்கு மேல எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் கேஸ வாபஸ் வாங்குங்கன்னு கையெழுத்துப் போட்டாங்க. அதுல வேடிக்க என்னன்னா, யாரோட புக்கக் காப்பி அடிச்சுட்டாங்கன்னு கேஸோ அவங்கள்லயே பல பேரு அந்தக் கையெழுத்துல இருந்தாங்க.

2016 செப்டம்பர் 16 அன்னிக்கு நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா கேஸத் தள்ளுபடி பண்ணிட்டாரு. காப்பிரைட்ங்கிறது கடவுள் குடுத்த உரிமையும் இல்ல இயற்கை உரிமையும் இல்ல, அறிவு வளரணும்னு சட்டம் குடுத்ததுங்கிற அர்த்தத்துல எழுதினாரு. எனக்குப் பிடிச்ச இடம் வேற. அவரு தான் சட்டம் படிச்ச காலத்தச் சொல்றாரு, ஜெராக்ஸ் வசதி ரொம்பக் கம்மி, காப்பி போட ஏகப்பட்ட செலவு, அதனால பசங்க மாத்தி மாத்தி உக்காந்து பக்கம் பக்கமாக் கையாலயே எழுதி எடுப்பாங்களாம், கார்பன் பேப்பர் வச்சு. கையால எழுதினா தப்பில்ல, அதே வேலைய மெஷின் செஞ்சா தப்பா?

இந்த ஒரு கேள்விதான் கேஸோட உயிர்னு நான் நினைக்கிறேன்.

தீர்ப்புக்கு ஆதாரம் 1957 காப்பிரைட் சட்டத்தோட 52வது பிரிவு. சொல்லிக்குடுக்குற வேலையில வாத்தியாரோ மாணவரோ பிரதி எடுத்தா அது மீறல் ஆகாதுன்னு அதுல இருக்கு. பதிப்பகங்க அப்பீல் போனாங்க, 2016 டிசம்பர்ல ரெண்டு நீதிபதி பெஞ்சும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாங்க: எவ்வளவு பக்கம்ங்கிறது கணக்கில்ல, பாடத்துக்குத் தேவையாங்கிறதுதான் கணக்கு. அந்தத் தேவை இருந்துச்சான்னு மட்டும் விசாரிங்கன்னு கேஸத் திருப்பி அனுப்பினாங்க, தடை எதுவும் போடல. படிச்சவங்க கூடக் கூட நாளைக்குப் புக்கு வாங்குறவங்களும் கூடுவாங்கன்னு ஒரு பாயின்ட்டும் அதுல வரும், அது நூத்துக்கு நூறு சரி, இன்னைக்கு நான் வாங்கி வாங்கி வீட்ல திட்டு வாங்குறதுக்குக் காரணமே அந்தத் தகரக் கொட்டகை ஜெராக்ஸ்தான். 2017 மார்ச்ல பதிப்பகங்களே கேஸ வாபஸ் வாங்கிட்டாங்க.

அப்ப மருமகன் சொன்னதுதான் சரின்னு ஆகுதா? இல்லங்கிறதத்தான் அந்தத் தீர்ப்ப மறுபடி படிச்சப்போ பாத்தேன். கோர்ட்டு சொன்னது பாடம் நடத்துறதுக்காக எடுக்குற பகுதிகளப் பத்தி. நம்மாளுங்க "ஜெராக்ஸ் போடலாம்னு கோர்ட்டே சொல்லிருச்சு"ன்னு ஒத்த வரியாச் சுருக்கி, அத வச்சு முழுப் புக்கையும் ஸ்கேன் பண்ணி 900 பேர் இருக்குற குரூப்ல தட்டி விடுறாங்க. அதுக்கும் கோர்ஸ் பேக்குக்கும் ரொம்ப தூரம்.

அதுலயும் எல்லாப் புக்கும் ஒண்ணில்ல. ஆராய்ச்சிக் கட்டுரைய எடுத்துக்கோங்க, எழுதின பேராசிரியருக்கு ஜர்னல்காரன் ஒரு பைசா தர மாட்டான், சரிபாத்துக் குடுக்குறவருக்கும் கிடையாது, ஆனா நம்ம ஒத்தக் கட்டுரையப் படிக்கணும்னா முப்பது நாப்பது டாலர் கேப்பான். ஜர்னல் போடுற எல்சவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி சேந்து, கட்டுரைகள ஓசியில இறக்கிக் குடுக்குற சைஹப்ங்கிற வெப்சைட் மேல 2020 டிசம்பர்ல டெல்லி ஹைகோர்ட்ல கேஸ் போட்டப்போ, காசு போகுதேன்னு அழுத ஆத்தர் ஒருத்தரக் கூட நான் பாக்கல. இப்போ சென்ட்ரல் கவர்மென்ட் மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ஒதுக்கி ஒரே நாடு ஒரே சந்தான்னு கிட்டத்தட்ட 13,000 ஜர்னலுக்கு மொத்தமாக் கட்டுது, 2025ல இருந்து அரசு காலேஜ் பசங்களுக்குக் கிடைக்குது. நல்லதுதான். தனியார் காலேஜ் பையன், காலேஜ் முடிச்சிட்டு வீட்ல இருந்து ஆராய்ச்சி பண்றவன், இவங்கெல்லாம் இன்னும் வாசலுக்கு வெளியதான் நிக்கிறாங்க.

கண்மாய் புக்கு அந்த ரகம் இல்ல. மறுநாள் அண்ணனுக்கே போன் போட்டேன், சும்மா விசாரிக்கிற மாதிரி. "பிடிஎஃப்பா? என்கிட்டயே வந்துச்சுப்பா"ன்னு சிரிச்சாரு. ஏதோ ஒரு வரலாறு குரூப்ல யாரோ அனுப்பி, கீழ "அருமையான நூல் சார், அவசியம் படிங்க"ன்னு போட்டு இவரையே டேக் பண்ணிருக்காங்க. ஸ்கேன்ல கட்டைவிரல் கூட தெரியுதுப்பா, நெகம் கடிக்கிற பழக்கம் உள்ள ஆளுன்னாரு. 300 காப்பி அடிச்சது, 110 இன்னும் கட்டுப் பிரிக்காம கட்டிலுக்கு அடியில கிடக்கு, ராயல்டி பத்து சதவீதம்னு பேச்சு, அதுவும் வித்தாத்தான். நூலக ஆணை, அதாவது அரசாங்கம் பொது நூலகங்களுக்குன்னு மொத்தமா வாங்குற ஆர்டர், கிடைச்சிருந்தா கொஞ்சம் மூச்சு விட்ருப்பாரு, கிடைக்கல. "கோவமா வருதுண்ணே உங்களுக்கு?"ன்னு கேட்டேன். "மொத நாள் சந்தோசமா இருந்துச்சுப்பா, இத்தன பேரு படிக்கிறாங்களேன்னு. ரெண்டாம் நாள்தான் கணக்குப் போட்டுப் பாத்தேன்"னாரு.

அறிவு எல்லாருக்கும் பொதுங்கிறதும் வேணும், அண்ணன் கட்டிலுக்கு அடியில கட்டு குறையவும் வேணும். இதுக்கு நம்ம ஊர்லயே வழி கண்டுபிடிச்சுட்டாங்க, நாமதான் மறந்துட்டோம். பாரதியார் 1921ல போயிட்டாரு, அவரு எழுத்தோட உரிமை கை மாறிக் கை மாறி, பாட்டுகள ரெக்கார்டு பண்ற, ஒலிபரப்புற உரிமை ஏவிஎம் மெய்யப்பச் செட்டியார்கிட்ட இருந்துச்சு. ஊரே எதிர்ப்புத் தெரிவிச்ச பெறகு 1949ல சென்னை அரசாங்கம் உரிமைய வாங்கி, பின்னாடி பொதுவாக்குச்சு. அப்புறமும் எத்தனையோ பேரோட எழுத்த நாட்டுடமை பண்ணிருக்காங்க, குடும்பத்துக்கு ஒரு தொகை போகும், புக்கு எல்லாருக்கும் ஆகும். 1998 பொங்கல் அன்னிக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம்ங்கிற இன்டர்நெட் நூல் தொகுப்பு பழைய இலக்கியத்தையெல்லாம் ஓசியில கைக்குக் கொண்டாந்து குடுத்துச்சு, யார் வயித்துலயும் அடிக்காம.

உயிரோட இருக்குற எழுத்தாளனுக்கு என்ன வழின்னா, என்னோட பதில் போரடிக்கிற பதில்தான்: லைப்ரரி. 1948லயே பொது நூலகச் சட்டம் போட்ட மாகாணம் இது, இன்னைக்கும் வீட்டு வரி ரசீதுல நூலக வரின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, நானும் கட்டுறேன் நீங்களும் கட்டுறீங்க. அந்தக் காசுல ஊருக்கு ரெண்டு காப்பி ஒழுங்கா வாங்கிப் போட்டா அண்ணனோட 110 காப்பி ஒரே மாசத்துல காலி. பையனும் 380 ரூபாய்க்கு யோசிக்க வேணாம். அவனத் திட்டி என்ன பண்றது, அவன் கையில மாசம் நிக்கிறதே ஆயிரமோ ஆயிரத்தி ஐநூறோதான், அத நான் மறந்துட்டுத்தான் "380 தான"ன்னு போட்ருக்கேன்.

கடைசில என்னோட காப்பிய பொட்டலம் கட்டி தங்கச்சி ஊருக்குப் போற பஸ்ஸுல குடுத்தனுப்பினேன். பென்சில் கோடு போட்டேன்னு தெரிஞ்சுது தொலைச்சிருவேன்னு ஒரு சீட்டும் உள்ள வச்சேன். நேத்து சாயந்தரம் மெசேஜ்: "மாமா நாலாவது சேப்டர் மட்டும் ஜெராக்ஸ் போட்டுக்கட்டுமா? கைடு ஃபைல்ல வைக்கச் சொல்றாரு."

"எத்தன பக்கம்?"

"42."

ரெண்டு பக்கமும் போடச் சொல்லு, காசு மிச்சம்னு அனுப்பினேன். விரல ஓரத்துல வைக்காதன்னும்.