ரிவர்ஸில் மட்டும் கேட்ட சத்தம்

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த கராஜுக்கு 1969 மாடல் கேமரோ ஒன்று வந்து இறங்கியது. அதன் என்ஜின் எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதற்குப் பதிலாக, விபத்தில் நொறுங்கிய டாஹோ என்ற பெரிய வண்டியின் 5.3 லிட்டர் வி8 என்ஜினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு வாங்கி வைத்திருந்தார் உரிமையாளர். வயதான எமிராத்திக்காரர். காரும் செவர்லே, என்ஜினும் செவர்லே. "ஒரே வீட்டுப் பிள்ளைகள் தம்பி, சண்டை வராது" என்றார் ஃபோர்மேன். மலையாளி, எங்கள் எல்லோருக்கும் சேட்டன்.

சண்டை முதல் நாளே வந்தது. ஸ்மால் பிளாக் எனப்படும் செவர்லேயின் பழைய வி8 என்ஜினில், ஒரு பக்கத்தில் புகை வெளியேறும் நான்கு வாசல்களில் நடுவிலுள்ள இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். 1997-இல் கார்வெட் காரோடு வந்த, டாஹோ என்ஜினும் சேர்ந்த புதிய வரிசையில் நான்கும் சம இடைவெளியில் நிற்கும். ஆகவே அந்த வாசல்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் மேனிஃபோல்டு, காரின் பழையது உதவாது. டாஹோவின் மேனிஃபோல்டோ, பெரிய வண்டியின் தாராளமான இடத்துக்காக வார்த்தது. இடது பக்கம் அதன் வாய் நேரே ஸ்டீயரிங் பாக்ஸில் போய் முட்டியது.

மேனிஃபோல்டுக்குப் பதில் குழாய்களை வளைத்துச் செய்த ஹெடர் போட்டுவிடலாம் என்றான் உடன் வேலை செய்த பையன். தினமும் ஓடும் காருக்கு அது எனக்குப் பிடிக்காது. மெல்லிய குழாய், இன்று கேஸ்கட் ஒழுகும், நாளை வேகத்தடையில் உரசும். கடைசியில், 2010-இல் மறுபிறவி எடுத்த கேமரோவின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு ஒரு ஜோடி வாங்கினோம். போல்ட் துளைகள் அதேதான். என்ஜினை ஒட்டியபடியே கீழே இறங்கும்.

டாஹோவுடையதைக் கழற்றும்போது, எதிர்பார்த்தபடியே, கடைசி போல்ட்டின் தலை ஏற்கெனவே போயிருந்தது. போல்ட் இறங்கும் என்ஜின் ஹெட் அலுமினியம், மேனிஃபோல்டு இரும்பு. சூட்டில் அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அந்த இழுபறியில் முதலில் அடிபடுவது ஓரத்து போல்ட்தான். உள்ளே நின்ற துண்டின்மேல் நட்டு ஒன்றை வைத்து வெல்டு அடித்தேன். வெல்டு இரும்பைத்தான் பிடிக்கும், அலுமினியத்தைப் பிடிக்காது. ஆறவிட்டு ஸ்பானர் போட்டதும் துண்டு முனகிக்கொண்டே வெளியே வந்தது.

புதியதை மாட்டி, முதல் சுற்று 15, இரண்டாம் சுற்று 25 நியூட்டன் மீட்டர் என்று முறுக்கினேன். ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. பக்கத்து கஃப்டீரியாவில் எண்ணெய் தடவிய பரோட்டா மாவு ஓர் உருண்டை வாங்கிவந்து இடுக்கில் அமுக்கி, எடுத்து பிளேடால் வெட்டி அளந்தேன். 9 மில்லிமீட்டர். போதும் என்று பானெட்டை மூடினேன். அங்கேதான் தவறினேன்.

இரண்டாம் நாள் கார் திரும்பி வந்தது. முன்னால் போனால் ஒன்றுமில்லை. ரிவர்ஸ் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் 'டங்' என்று ஒரு சத்தம், ஸ்டீயரிங்கிலும் அதிர்வு. நான் கியர்பாக்ஸைச் சந்தேகித்து அரை நாளைத் தொலைத்தேன். சேட்டன் பானெட்டைத் திறந்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். டிரைவில் என்ஜினின் இடது தோள் எழும்பியது. ரிவர்ஸில் அதே தோள் கீழே அமர்ந்தது. என் 9 மில்லிமீட்டர், தூங்குகிற என்ஜினிடம் எடுத்த அளவு.

என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்டின் ரப்பர் எண்ணெய் குடித்து ஊறிப்போயிருந்தது. காரிலிருந்த பழையதையே நான் திரும்பப் போட்டிருந்தேன். அந்தக் காலத்துச் செவர்லே மவுண்ட்டுகளுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ரப்பர் பிய்ந்து என்ஜின் எழும்பி, ஆக்சிலேட்டர் சிக்கிக்கொள்ளும் என்பதால், 1971-இல் ஏறத்தாழ 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இந்தக் கேமரோ வகையும் அதில் அடக்கம். அப்போது செய்த வைத்தியம், என்ஜினை இழுத்துப் பிடிக்க ஒரு கம்பி வடம். இதெல்லாம் தெரிந்தும் பழைய ரப்பரை நம்பினேன் என்பதைச் சேட்டனிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

ரப்பர் பிய்ந்தாலும் பிடி விடாத மவுண்ட் இரண்டு வாங்கிப் போட்டோம். மறுபடி மாவு. இம்முறை என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கில் கால் வைத்து, ரிவர்ஸில் கொஞ்சம் மிதித்து, அணைத்துவிட்டு எடுத்தேன். 4 மில்லிமீட்டர். சத்தமும் இல்லை.

மாவை விளக்கடியில் பிடித்துப் பார்த்த சேட்டன் திருப்பிக் காட்டினார். மேனிஃபோல்டு பக்கம் வெந்து காய்ந்திருந்தது. ஸ்டீயரிங் பக்கம் பச்சையாகவே இருந்தது. சில நிமிட ஓட்டத்துக்கே இப்படி. ஸ்டீயரிங் பாக்ஸின் தலையில், தண்டை இணைக்கிற இடத்தில், துணி வைத்த ரப்பர் வட்டு ஒன்று இருக்கும். இருவரும் அதைத்தான் பார்த்தோம். நான் ஒன்றும் பேசாமல் அலுமினியத் தகடும் கத்திரியும் எடுக்கப் போனேன்.