பலேர்மோ பால்கனியில் ரோஸ்மேரி

இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்த முதல் மாதம், மேல்வீட்டில் இருக்கும் வயதான அம்மா ஒரு கொத்து ரோஸ்மேரி கொண்டுவந்து தந்தார். சமையலுக்குப் போடும் ஒரு வாசனை இலை அது. நன்றி சொல்லும் 'கிராட்ஸியே' என்பதைத் தவிர எனக்கு இத்தாலியன் தெரியாத காலம். இலையைக் கசக்கி முகர்ந்தேன். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் கலந்த வாசம், பழகிய வாசம். அந்தக் கற்பூரமும் யூகலிப்டஸில் உள்ள சினியோல் என்ற வாசப் பொருளும் இந்த இலையின் எண்ணெயிலும் உண்டு என்று பிறகுதான் அறிந்தேன்.

அன்று கறிவேப்பிலையைப் போலத்தான் என்று நினைத்துப் பருப்பில் கைநிறையத் தாளித்துவிட்டேன். கசப்பு. வீட்டில் யாரும் வாயில் வைக்கவில்லை.

அந்த அம்மாவின் குசினியில் நின்று பார்த்துத்தான் அளவு படிந்தது. நாலு பேருக்கு ஒரு சின்னக் கிளை போதும். உருளைக்கிழங்குத் துண்டுகளோடு ஒலிவ் எண்ணெய், உப்பு, தோலோடு தட்டிய பூண்டு, உருவி அரிந்த இலை எல்லாவற்றையும் பிரட்டி 200 பாகை செல்சியஸ் சூட்டில் அவன் அடுப்பில் முக்கால் மணி நேரம் வைப்பார். கொண்டைக்கடலை சூப்பில் கிளையை முழுதாகப் போட்டுக் கடைசியில் எடுத்துவிடுவார். இந்த இலை நீண்ட சூட்டைத் தாங்கும். இத்தாலியச் சமையலில் போடும் துளசியைப் போல இறக்கும்போது தூவினால் ஊசி ஊசியாக வாயில் குத்தும்.

வயிறு உப்பினால் ஒரு தேக்கரண்டி இலையில் கொதிநீர் ஊற்றி, மூடி வைத்து வடித்துக் குடிப்பார். செரிமானக் கோளாறுக்கும், குளிக்கும் நீரில் கலந்தால் தசை, மூட்டு வலிக்கும் இதை மரபு மருந்தாக ஐரோப்பிய மருந்து முகமையும் ஏற்றிருக்கிறது. நான் கர்ப்பமாக இருந்தபோது அந்தக் கஷாயம் வேண்டாம் என்று தடுத்தவரும் அவர்தான். சமையலில் போடும் அளவு வேறு, மருந்தாகக் குடிக்கும் அளவு வேறு.

அவர் தந்த முதல் செடியைத் தினமும் தண்ணீர் ஊற்றி அழுகவிட்டேன். அன்று மனம் உடைந்துபோனது. ஓரம் உட்புறமாகச் சுருண்ட இந்த இலை ஈரத்தை எளிதில் விடாது. வறண்ட கடற்கரைகளில் வளர்கிற செடி இது. ரோஸ்மேரி என்ற பெயருக்கே லத்தீனில் கடலின் பனித்துளி என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு விரல் நீளத் தண்டின் அடியிலைகளை உருவி, பாதி மணல் கலந்த மண்ணில் நட்டேன். மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். பிடித்துக்கொண்டது.

இப்போது இடுப்புயரம் நிற்கிறது. பெப்ரவரியில் நீலப் பூவெடுத்தால் பால்கனி முழுக்கத் தேனீதான். மேல்வீட்டு அம்மாவால் மாடிப்படி இறங்க முடிவதில்லை. முழங்கால் வலிக்குக் குளிக்கும் நீரில் போட வேண்டும் என்று அவர் குரல் கொடுத்தால், நான் கத்தரித்து எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.