பெரியப்பாவின் பழைய பெட்டி: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 8, 2024, சனி

விடியவே பெரியப்பா அழைத்தார். "தம்பி, பெட்டி வேலை செய்யுதில்லை. ஒருக்கால் வந்திட்டுப் போ." வெள்ளவத்தையில் மழைக்குள் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனை போய்ச் சேரப் பத்து மணியாகிவிட்டது.

பெரியப்பாவின் அச்சகத்துப் பின்னறையில் இருக்கும் அந்தக் கணினியில் இன்னமும் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்புத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2006 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. கல்யாணக் கார்ட், பில் புத்தகம் எல்லாம் முன்னறையில் உள்ள புதுக் கணினியில் நடக்கின்றன. இறந்தவருக்காக 31ஆம் நாளில் கொடுக்கும் நினைவு மலர்ப் புத்தகங்கள் மட்டும் இதில். பக்கம் அமைக்கப் பேஜ்மேக்கர் 6.5, பாமினி எழுத்துரு, பேரலல் போர்ட்டில் கொழுவிய லேசர் பிரின்டர். ட்ரேசிங் தாளில் அடித்து, அதை வைத்துத்தான் பெரியப்பா அச்சுப் பிளேட் எடுப்பார்.

போன மாதம் மதர்போர்ட்டில் கண்டென்சர்கள் வீங்கிப் பழுதாகிவிட்டன. திருத்தக் கொடுத்த இடத்தில் பழைய பென்டியம் 4 போர்ட் ஒன்றும், 512 எம்பி ரேம் இரண்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு மொத்தமே 128 எம்பிதான் இருந்தது. ஹார்ட் டிஸ்க் பழையதே. பவர் கொடுத்தால் கறுப்புத் திரையில் ஒரு செய்தி வந்து நின்றுவிடுகிறது: விண்டோஸைத் தொடங்கப் போதிய நினைவகம் இல்லை.

"எட்டு மடங்கு கூட்டிப் போட்டிருக்கு. பிறகேன் போதாதெண்டு சொல்லுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவசரம் ஒன்று இருக்கிறது. வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றின் பாட்டி மே 26 காலமாகிவிட்டார். ஜூன் 25 அவருடைய 31ஆம் நாள். 2003இல் தாத்தாவுக்குப் பெரியப்பா செய்து கொடுத்த மலரைப் போலவே, அதே கரையோடு, அதே தேவாரப் பக்கங்களோடு பாட்டிக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோப்பு இந்த டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே இன்று வேறு எதையும் தொடவில்லை. டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி வயரில் மாட்டி, 40 ஜிபியையும் என் மடிக்கணினியில் அப்படியே படியெடுத்தேன். பழைய இயந்திரத்தில் கை வைப்பவர்கள் தயவுசெய்து இதைத்தான் முதலில் செய்யுங்கள்.

ஜூன் 9, ஞாயிறு

பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நினைவகம் கூடியதுதான் நோயே.

விண்டோஸ் 98 ஒரு 32 பிட் அமைப்பு. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்தையும் கூப்பிட அதற்குத் தெரிந்த எண்கள், அதாவது முகவரிகள், 4 ஜிபிக்கானவை. அதில் மூன்றாவது ஜிபி முடிந்து நான்காவது ஜிபி முடியும் வரையுள்ள பகுதி முழு அமைப்புக்கும் பொது. கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன, ஏஜிபி கிராஃபிக்ஸ் கார்டுக்கான இடமும் அங்கேதான். டிஸ்கிலிருந்து படித்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் வீகேஷ் என்ற பகுதியும் அதற்குள்தான் வருகிறது.

இந்த வீகேஷ், கணினி தொடங்கும்போது எவ்வளவு ரேம் இருக்கிறது என்று பார்த்து, தான் எவ்வளவு பெரிதாக வளரலாம் என்று முடிவு செய்கிறது. அப்புறம் அந்த உச்ச அளவுக்கு வேண்டிய முகவரிகள் அத்தனையையும் அப்போதே பிடித்து வைத்துக்கொள்கிறது. உண்மையில் பயன்படுத்தப்போவது கொஞ்சம்தான், ஆனால் இடம் பிடிபட்டுவிடுகிறது. 128 எம்பி இருந்த காலத்தில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. 1 ஜிபியைக் கண்டதும் அது பிடிக்கும் பிடியில் மற்றவர்களுக்கு முகவரியே மிஞ்சுவதில்லை. ரேம் நிறைய இருக்கிறது, அதைக் கூப்பிட எண் இல்லை. அதைத்தான் "போதாது" என்று சொல்கிறது.

திருத்தம் ஒரு வரி வேலை. தொடங்கும்போது எஃப்8 அழுத்தி, கமாண்ட் ப்ராம்ப்ட் மட்டும் எடுத்தேன். விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம் டாட் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்புக்கு முதலில் ஒரு பிரதி. பிறகு எடிட் கட்டளையால் அதைத் திறந்து, வீகேஷ் என்ற தலைப்பின் கீழே மேக்ஸ்ஃபைல்கேஷ் என்று எழுதி, சமன் குறி போட்டு 262144 கொடுத்தேன். கணக்கு கிலோபைட்டில், அதாவது 256 எம்பி. அந்த வரியில் இடைவெளி விடக்கூடாது. 512 எம்பி வரை, அதாவது 524288 வரை போடலாம் என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன அளவு. இந்த வேலைக்கு அவ்வளவு தேவையில்லை என்று நான் குறைத்து வைத்தேன்.

மறுபடி தொடங்கினேன். மேகமும் நீல வானமும் வந்தன, டெஸ்க்டாப் வந்தது. பெரியப்பா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் மௌஸைக் கையில் எடுத்தார்.

ஜூன் 12, புதன்

பெரியப்பா மத்தியானம் அழைத்தார். மலரைத் திறந்து இரண்டு பக்கம் திருத்தியதும் பேஜ்மேக்கர் சட்டவிரோதச் செயல் என்று சொல்லி மூடிவிட்டதாம். மறுமுறை நீலத் திரை. இன்னொரு முறை பிரின்ட் கொடுக்கும்போது.

வேலை முடிந்து நேரே போனேன். மூன்று தரம் விழுத்திப் பார்த்தேன், மூன்று தரமும் வேறு வேறு இடம். ஒரே இடத்தில் விழுந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். இடம் மாறி மாறி விழுந்தால் எனக்கு முதலில் வன்பொருள்தான் நினைவுக்கு வரும்.

அதே சிஸ்டம் டாட் ஐஎன்ஐ கோப்பில், 386 என்ஹ் என்ற தலைப்பின் கீழே மேக்ஸ்ஃபிஸ்பேஜ் என்று இன்னொரு வரி சேர்த்து, மதிப்பு 20000 கொடுத்தேன். இது பதினாறடிமான எண். நம் கணக்கில் 131072 பக்கங்கள். ஒரு பக்கம் 4 கிலோபைட், ஆக 512 எம்பி. அதற்கு மேலுள்ள ரேமை விண்டோஸ் தொடவே தொடாது. இரவு ஒன்பது மணி வரை இருந்து பார்த்தேன், ஒரு தரமும் விழவில்லை.

ஜூன் 15, சனி

இரண்டு நாளாக நன்றாக ஓடுகிறது, இனி விட்டுவிடு என்றார் பெரியப்பா. எனக்கு மனம் கேட்கவில்லை. மேலே உள்ள 512 எம்பியை மறைத்ததும் சுகமாகிவிட்டது என்றால், காரணம் இரண்டில் ஒன்று. விண்டோஸுக்கு ரேம் கூடிப்போனது, அல்லது அந்த மேல் பாதியிலேயே கோளாறு.

பிரித்தறிய ஒரு வழி இருந்தது. இந்தப் போர்ட்டில் முதல் ஸ்லாட்டில் இருக்கும் ரேமுக்குத்தான் தாழ்ந்த முகவரிகள். இரண்டு ரேம்களையும் இடம் மாற்றிச் செருகினேன், வரியை மாற்றவில்லை. அளவு அதே 512 எம்பிதான். தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் நீலத் திரை வந்தது.

சந்தேகம் போய்விட்டது: அளவு காரணமல்ல, இப்போது முதல் ஸ்லாட்டில் இருக்கும் ரேம்தான் கோளாறு. மெம்டெஸ்ட்86 பிளஸ் சீடியைப் போட்டேன். அது விண்டோஸ் எதுவும் இல்லாமல் தானே தொடங்கி, ரேமில் எழுதி எழுதித் திருப்பி வாசித்துப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் திரையின் கீழ்ப்பாதியில் சிவப்பு வரிகள் ஏறத் தொடங்கின. அந்த ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொன் நிறப் பற்கள் சுத்தம், சில்லுகளில் கீறல்கூட இல்லை. அழிறப்பரால் பற்களைத் துடைத்து மறுபடி போட்டேன், மறுபடியும் சிவப்பு. மற்ற ரேமைத் தனியாகப் போட்டு இரவு முழுக்க ஓட விட்டு வந்திருக்கிறேன்.

எனக்குப் பயம் தந்தது ஒன்றுதான். டிஸ்கில் எழுதப்படுவதெல்லாம் முதலில் வீகேஷில் தங்கித்தான் போகிறது. பழுதான ரேமில் தங்கிப் போனால், சேமித்த கோப்பே சிதைந்துபோகலாம். புதன்கிழமை பெரியப்பா திருத்திச் சேமித்த பிரதியை இனி நம்ப முடியாது. 8ஆம் திகதி எடுத்த படி இருப்பதால் இன்று நித்திரை வரும்.

ஜூன் 16, ஞாயிறு

நல்ல ரேம் விடிய விடிய ஓடியும் ஒரு பிழையும் இல்லை. இனி அது ஒன்று மட்டும்தான், மொத்தம் 512 எம்பி. மேக்ஸ்ஃபிஸ்பேஜ் வரியை எடுத்துவிட்டேன், மேக்ஸ்ஃபைல்கேஷ் வரி இருக்கட்டும். என்னிடமிருந்த படியை அப்படியே டிஸ்கில் திருப்பி எழுதி, மேக்ஸ்ஃபைல்கேஷ் வரியை மட்டும் மறுபடி சேர்த்தேன். பெட்டிக்குள்ளே பெரியப்பாவின் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: "512க்கு மேல் ரேம் போட வேண்டாம்."

ஜூன் 21, வெள்ளி

பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை. தெரு அமைதி, அச்சகமும் பூட்டு. நாங்கள் இருவரும் பின்னறையில்.

இன்று வேறொரு எல்லையைப் பார்த்தோம். விண்டோஸிடம் உள்வளம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ரிசோர்ஸ் மீட்டரைத் திறந்து வைத்தேன். தொடங்கியதும் 71 சதவீதம். மலர், படங்கள், எழுத்துருப் பட்டியல் எல்லாம் திறந்து மூடி வேலை செய்யச் செய்ய 34க்கு இறங்கியது. பேஜ்மேக்கரை மூடியும் முழுதாகத் திரும்பி ஏறவில்லை. ஜன்னல்கள், பட்டன்கள், எழுத்துருக்கள் பற்றிய குறிப்புகளை விண்டோஸ் 98 சில சிறிய குவியல்களில் வைக்கிறது. பழைய 16 பிட் நிரல்களுக்காக வைத்த குவியல் 64 கிலோபைட்தான். ரேம் எவ்வளவு போட்டாலும் அந்தச் சிமிழ் பெரிதாகாது. அது நிரம்பினால் மெனுவில் எழுத்து மறையும், பிறகு எல்லாம் உறையும்.

பெரியப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பும்போது எப்போதும் கணினியை ஒருக்கால் ரீஸ்டார்ட் பண்ணிவிட்டுத்தான் போவார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன். இன்று காரணம் கேட்டேன். "பின்னேரம் எழுத்துகள் காணாமல் போகும் தம்பி. சாப்பிட்டு வந்தால் வந்திடும். அதுதான்." மீட்டர் இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்.

கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்கும் மூன்று நிரல்களை நிறுத்தினேன். பல வருடம் தொடாத எழுத்துருக்களைத் தனி ஃபோல்டருக்கு மாற்றினேன். பாமினியும் இன்னும் நாலைந்தும் போதும் என்றார்.

ஜூன் 23, ஞாயிறு

தாத்தாவின் மலரை வேறு பெயரில் சேமித்து, அதிலேயே பாட்டியின் மலர். கரையில் குத்துவிளக்கு, நாலு மூலையிலும் தாமரை. அதைப் பெரியப்பா 2003இல் கையால் வரைந்து ஸ்கேன் செய்தாராம். குடும்ப விபரப் பக்கத்தில் "அன்பு மனைவி" என்று இருந்த இடத்தில் பாட்டியின் பெயர். பெரியப்பா அதைத் தெரிவு செய்து, வெட்டி, முதல் பக்கத்தில் படத்துக்குக் கீழே ஒட்டி, எழுத்தின் அளவைக் கூட்டினார். பேரப்பிள்ளைகள் வரிசையில் புதிதாக ஏழு பெயர்கள்.

மத்தியானம் ரீஸ்டார்ட். பிறகு பிரின்ட். 24 பக்கமும் ஒரு நிறுத்தமும் இல்லாமல் ட்ரேசிங் தாளில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்பதாம் பக்கத்தில் ஒரு புள்ளி விடுபட்டிருப்பதைக் கண்டு திருத்தி மறுபடி அடித்தார். நாளைக்குப் பிளேட்.

புதுக் கோப்பைச் சீடியில் இரண்டு பிரதி எழுதினேன். ஒன்று அலுமாரியில், ஒன்று என் பையில்.